லேப்டாப்புக்கு வயர்லெஸ் ஹெட்போன் வாங்கும் முன்: மைக்கிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

போனில் பிரமாதமாகப் பாடும் ஹெட்போன், லேப்டாப்பில் மீட்டிங் தொடங்கிய நொடியில் கரகரவென்று மாறிவிடும். ஹெட்போன் பழுது என்று நினைத்துப் பலரும் மாற்றித் தரச் சொல்கிறார்கள். மாற்றி வந்ததும் அதே கதைதான். பொருளில் குறையில்லை, புளூடூத் வேலை செய்யும் விதமே அப்படி. இது புரிந்துவிட்டால் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதி முடிந்தது. மீதிப் பாதி, தலைக்கும் காதுக்கும் பொருந்துகிறதா என்பது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் 40 மில்லிமீட்டர் டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் பாகம்), 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி போன்றவையெல்லாம் இவற்றுக்கு அப்புறம்தான்.

படி 1: லேப்டாப்பில் எதற்காக என்று முடிவு செய்யுங்கள்

"எல்லாத்துக்கும்தான்" என்ற பதில் வேண்டாம். ஒரு சாதாரண வேலைநாளை நினைத்துப் பாருங்கள். பாட்டும் வீடியோவும் மட்டும்தானா? நாள் முழுக்க மீட்டிங்கா? கேமா? கீபோர்டு வாசித்துப் பதிவு செய்வதா?

பாட்டும் படமும் மட்டும் என்றால் உங்களுக்குக் கவலை குறைவு. ஏறக்குறைய எந்த நல்ல புளூடூத் ஹெட்போனும் போதும், நேராக 6ஆம் படிக்குப் போகலாம். மைக்கில் பேசுகிறவர்களும் கேம் ஆடுகிறவர்களும் அடுத்த நான்கு படிகளையும் தாண்டிப் போக வேண்டாம். இசைக்கருவி வாசித்துப் பதிவு செய்பவர்களுக்கு ஒரே வரி: அந்த வேலைக்கு வயர் ஹெட்போன்தான் சரி.

படி 2: மைக் திறந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள்

இப்போதும் பெரும்பாலான லேப்டாப்புகளில் ஓடும் பழைய வகை புளூடூத்தில் ஒலிக்கு இரண்டு தடங்கள் உண்டு. ஒன்று ஏ2டிபி. ஸ்டீரியோ, நல்ல தரம், ஆனால் ஒருவழிப் பாதை: லேப்டாப்பிலிருந்து காதுக்கு மட்டும். உங்கள் குரல் அதில் திரும்பிப் போக இடமில்லை. இன்னொன்று எச்எஃப்பி. ஹேண்ட்ஸ்ஃப்ரீ போன் பேச்சுக்காக உருவான இருவழித் தடம் இது. இதில் ஒலி மோனோ. ஆரம்ப வடிவத்தில் ஒலியை வினாடிக்கு 8,000 முறைதான் மாதிரி எடுக்கிறது, மேம்பட்ட வடிவத்தில் 16,000 முறை. மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதிவரைதான் ஒலி பிழைக்கும். ஆகவே இந்த மேம்பட்ட வடிவத்திலும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் காதுக்கு வராது. பாட்டில் ஜால்ரா, மூச்சு, கம்பி ஆகியவற்றின் மினுமினுப்பில் பெரும்பகுதி இருப்பது அதற்கு மேலேதான்.

ஏதாவது ஒரு ஆப் ஹெட்போனின் மைக்கைக் கேட்ட உடனே, லேப்டாப் முதல் தடத்தை மூடி இரண்டாவதைத் திறக்கிறது. அப்போது பின்னணியில் ஓடும் பாட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

இதை வாங்கும் முன்பே சோதிக்கலாம். நண்பரின் புளூடூத் ஹெட்போன் எதையாவது லேப்டாப்பில் இணைத்து, உங்களுக்கு நன்கு பழகிய பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் பதிவு ஆப்பைத் திறந்து, உள்ளீடாக அந்த ஹெட்போனின் மைக்கைத் தேர்ந்தெடுத்து, பதிவு பட்டனை அழுத்துங்கள். ஒரு சின்ன இடைவெளி, சில சமயம் 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் பாட்டு தட்டையாகி நடு மண்டையில் வந்து உட்காரும். பதிவை நிறுத்துங்கள், ஓரிரு வினாடியில் ஸ்டீரியோ திரும்பும். விண்டோஸ் 10இல் இந்த இரண்டு தடங்களும் ஒலி சாதனப் பட்டியலில் தனித்தனியாகவே தெரியும்: ஒரே ஹெட்போன், ஒரு தடவை 'ஸ்டீரியோ' என்றும் இன்னொரு தடவை 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' என்றும். விண்டோஸ் 11 இரண்டையும் ஒரே பெயரில் காட்டிவிட்டு, மாற்றத்தைத் தானே செய்துகொள்கிறது. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் ஏன் தரம் விழுந்தது என்று கண்டுபிடிப்பது முன்பைவிடக் கஷ்டம். மேக்கில் 'ஆடியோ மிடி செட்டப்' என்ற ஆப்பைத் திறந்து வைத்தால், மைக் திறக்கும்போது மாதிரி எடுக்கும் வேகம் 44,100 அல்லது 48,000இலிருந்து 16,000 போன்ற சிறிய எண்ணுக்கு இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதிலிருந்து தப்ப வழிகள் உண்டு. செலவே இல்லாதது முதலில்: மீட்டிங் ஆப்பின் ஒலி அமைப்பில் ஸ்பீக்கராக ஹெட்போனை வையுங்கள், மைக்காக லேப்டாப்பில் இருக்கும் மைக்கை வையுங்கள். ஹெட்போனின் மைக் திறக்காததால் ஸ்டீரியோ அப்படியே நிற்கும். அமைதியான அறையில் இருப்பவர்களுக்கு இதுவே போதும். இன்னும் சொன்னால், காது ஓரத்தில் இருக்கும் குட்டி மைக்கைவிட இப்போதைய லேப்டாப் மைக்குகள் பலவும் குரலை இயல்பாக எடுக்கின்றன. ஒரே தொல்லை, நீங்கள் தட்டச்சு செய்தால் எதிர்ப்பக்கம் ஆலங்கட்டி மழைதான். அடிக்கடி பேச வேண்டியவர்கள் தனியாக ஒரு யு.எஸ்.பி மைக் வைத்துக்கொள்ளலாம்.

சுற்றிலும் சத்தமுள்ள இடத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு இந்த உபாயம் உதவாது. மைக் வாய்க்கு அருகில் இருந்தாக வேண்டும். அவர்களுக்கு அடுத்த படி.

படி 3: எந்த இணைப்பு என்று தேர்ந்தெடுங்கள்

'வயர்லெஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு இணைப்புகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, லேப்டாப்பின் சொந்த புளூடூத். தனியாக எதையும் செருக வேண்டாம், அதே ஹெட்போன் போனுக்கும் ஆகும். மேலே சொன்ன மைக் சிக்கல் இதற்குத்தான்.

இரண்டாவது, தன் சொந்த யு.எஸ்.பி டாங்கிளோடு (லேப்டாப்பில் செருகும் சின்ன ரேடியோ கருவி) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட். இது புளூடூத் விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. டாங்கிளைச் செருகியதும் லேப்டாப் அதை ஒரு சவுண்ட் கார்டாகவே பார்க்கும். மைக் திறந்திருந்தாலும் பாட்டு ஸ்டீரியோவாகவே இருக்கும், தாமதமும் மிகக் குறைவு. கேமிங் ஹெட்செட்டுகளில் பெரும்பாலும் இதுதான். நாளெல்லாம் பேசவும் வேண்டும், நடுவில் நல்ல பாட்டும் வேண்டும் என்பவர்கள் 'கேமிங்' என்ற பெயரைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். விளக்கு மினுக்காத, அடக்கமான மாடல்களும் இருக்கின்றன. சிலவற்றில் டாங்கிளும் புளூடூத்தும் சேர்ந்தே வருகின்றன. லேப்டாப்புக்கு டாங்கிள், போனுக்கு புளூடூத். என்னைக் கேட்டால் பேசும் வேலை அதிகமுள்ளவர்களுக்கு இந்தக் கூட்டுதான் நிம்மதி.

மூன்றாவது, பார்ப்பதற்கு இரண்டாவதைப் போலவே இருந்து ஏமாற்றுவது: அலுவலக ஹெட்செட்டுகளோடு வரும் புளூடூத் டாங்கிள். செருகினால் இதுவும் சவுண்ட் கார்டாகத்தான் தெரியும். இணைப்பு நிலையாக இருக்கும், மீட்டிங் ஆப்பில் மியூட் பட்டன் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் காற்றில் போவது புளூடூத்தே என்பதால் பேசும்போது தரம் இறங்குவது இதிலும் உண்டு. விவரத்தாளில் '2.4 கிகாஹெர்ட்ஸ்' என்று எழுதியிருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது. டாங்கிள் புளூடூத்தா, நிறுவனத்தின் சொந்த இணைப்பா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டாங்கிள் வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விசித்திரம்: யு.எஸ்.பி 3.0 இணைப்பு வேகமாகத் தரவு அனுப்பும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ரேடியோ இரைச்சலைக் கக்கும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை ஆராய்ந்து வெள்ளை அறிக்கை வெளியிட்டது. டாங்கிளுக்குப் பக்கத்துத் துளையில் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கைச் செருகி ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துப் பாருங்கள், பாட்டு விக்கினால் காரணம் இதுதான். டாங்கிளை லேப்டாப்பின் மறுபக்கத் துளைக்கு மாற்றுவது, அல்லது ஒரு சின்ன நீட்டிப்பு வயரில் தள்ளி வைப்பது போதும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் பலன் தரும். லேப்டாப்பில் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே அட்டையில் இருப்பவை, 2.4இல் இருந்தால் இரண்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும்.

படி 4: எல்இ ஆடியோ உங்களுக்குக் கிடைக்குமா என்று பாருங்கள்

மைக் சிக்கலுக்கு புளூடூத்துக்குள்ளேயே வந்திருக்கும் நிரந்தரத் தீர்வு இது. எல்சி3 என்ற புதிய கோடெக்கோடு (ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிக்கும் முறை) வரும் எல்இ ஆடியோவின் விதிமுறைகள் 2022இல் முழுமையடைந்தன. பேச்சும் பாட்டும் ஒரே தடத்தில், நல்ல தரத்தில் போக இது இடம் தருகிறது. விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பிலிருந்து ஆதரவு உண்டு. 24எச்2வில் மைக் திறந்திருக்கும்போதும் ஸ்டீரியோ நிற்கும்படி செய்திருக்கிறார்கள்.

சரி, இதுதான் தீர்வு என்றால் ஏன் இன்னும் நான்காவது படியில் வைத்திருக்கிறேன்? ஏனென்றால் ஹெட்போன், லேப்டாப்பின் புளூடூத் சிப், அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் மூன்றும் ஒத்துழைத்தால்தான் இது வரும். 'புளூடூத் 5.3' என்று பெட்டியில் இருப்பது எதையும் உறுதி செய்யாது. எல்இ ஆடியோவுக்கு 5.2 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்பது உண்மை, ஆனால் 5.2க்கு மேலுள்ள எல்லாவற்றிலும் எல்இ ஆடியோ இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. விண்டோஸில் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், டிவைசஸ் என்று போங்கள். 'யூஸ் எல்இ ஆடியோ வென் அவைலபிள்' என்ற வரி கண்ணில் பட்டால் உங்கள் லேப்டாப் தயார், ஹெட்போனிலும் அதைத் தேடுங்கள். அந்த வரி இல்லையென்றால் இதற்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம்.

படி 5: கோடெக், தாமதம்

கோடெக் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டையைப் பார்த்தால் இதுதான் எல்லாம் என்று தோன்றும். அவ்வளவு இல்லை. ஹெட்போனும் லேப்டாப்பும் இரண்டுமே பேசும் கோடெக்தான் பயன்படும் என்பது மட்டும் நினைவிருந்தால் போதும். எஸ்பிசி எல்லாவற்றிலும் கட்டாயம் உண்டு, உயர்ந்த நிலையில் வினாடிக்கு 328 கிலோபிட். ஆப்ட்எக்ஸ் 352. சோனியின் எல்டாக் 990 வரை போகும். விண்டோஸ் 10 எஸ்பிசியும் ஆப்ட்எக்ஸும் அறியும். விண்டோஸ் 11இல் ஏஏசி சேர்ந்தது. மேக்கில் ஏஏசி. எல்டாக் இந்த எதிலும் சொந்தமாகக் கிடையாது. ஆக, எல்டாக்குக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது போனுக்குப் பயன்படலாம், லேப்டாப்புக்கு வீண். லினக்ஸ்காரர்களுக்கு மட்டும் இங்கே கொஞ்சம் கர்வப்பட உரிமை உண்டு: பைப்வயர் என்ற ஒலி மென்பொருள் உள்ள பதிப்புகளில் எல்டாக் உட்படப் பலவும் வேலை செய்யும், ஒலி அமைப்பில் எந்தத் தடம் என்பதையும் கையால் தேர்ந்தெடுக்கலாம்.

தாமதம் வேறு விஷயம். சாதாரண புளூடூத்தில் ஒலி 100 முதல் 300 மில்லிவினாடி வரை பிந்தி வரும். வீடியோவில் இது பெரும்பாலும் தெரியாது, பிளேயர் தாமதத்தைக் கணக்கிட்டுப் படத்தையும் அதே அளவு நிறுத்தி வைத்துவிடும். கேமில் அப்படிச் செய்ய முடியாது. சுட்ட பிறகு சத்தம் வரும். கேம்தான் முக்கியம் என்றால் மேலே சொன்ன இரண்டாவது வகை டாங்கிளைத் தவிர வேறு யோசனை வேண்டாம். வீடியோ எடிட் செய்பவர்களும் கவனியுங்கள், கத்தரிக்கும் இடம் ஒரு சில ஃபிரேம் தள்ளிப்போகும்.

படி 6: தலையில் மாட்டிப் பாருங்கள்

போனில் பாட்டுக் கேட்பது அரைமணி, ஒருமணி. லேப்டாப் முன்னால் நான்கு மணி நேரம் கூட ஹெட்போன் தலையிலேயே இருக்கும். அதனால் இங்கே எடையும் அழுத்தமும் ஒலித் தரத்தைவிடப் பெரிய விஷயம் என்பேன். ஒலி கொஞ்சம் சுமார் என்றால் ஈக்வலைசரில் திருத்தலாம், தாடைக்கு மேல் வலித்தால் என்ன செய்ய முடியும்?

காதை முழுதாக மூடும் வகையில் 250 கிராம் சுற்றுவட்டாரம் சௌகரியமானது. சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 அந்த எடைதான். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம் அளவில் இருக்கிறது, கழுத்து அதை உணரும். எடை மட்டுமல்ல, அது எங்கே இறங்குகிறது என்பதும் உண்டு. மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் கழித்து உச்சந்தலையில் ஒரே புள்ளியில் உறுத்தினால், மூன்று மணி நேரம் கழித்து அந்த இடம் நிச்சயம் வலிக்கும். காதின் மடல் மெத்தைக்குள் முழுதாக அடங்குகிறதா, உள்பக்கத் தட்டில் காது உரசுகிறதா என்று விரல் விட்டே பாருங்கள்.

கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். பிரேமின் காம்பு மெத்தையைத் தூக்கிவிட்டால் அந்த இடுக்கு வழியாக பாஸ் ஒழுகிவிடும், இரைச்சல் நீக்கமும் பாதியாகும். தடித்த காம்புக்கு மென்மையான, கொஞ்சம் ஆழமான மெத்தை வேண்டும். தோல் போன்ற உறை சத்தத்தை நன்றாக அடைக்கும், வியர்க்கும். துணி உறை காற்றோட்டமானது, சத்தத்தை அவ்வளவு அடைக்காது. மெத்தையைக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். செயற்கைத் தோல் ஓரிரு ஆண்டில் உரிய ஆரம்பிப்பது வழக்கம், அதற்காக முழு ஹெட்போனையும் தூக்கி எறிவது அநியாயம்.

காதின் மேல் உட்காரும் சிறிய வகை நீண்ட நேரத்துக்கு ஆகாது, மடலை நசுக்கும். இயர்பட்ஸ் கையடக்கம்தான், ஆனால் பேட்டரி சிறிது, மைக்கும் வாயிலிருந்து தூரம். நாள்முழுக்க லேப்டாப்போடு இருப்பவருக்கு அதை முதன்மைக் கருவியாகச் சொல்ல மாட்டேன்.

படி 7: இரைச்சல் நீக்கம் எவ்வளவு வேண்டும்

மின்விசிறி, ஏசி, வண்டியின் உறுமல் போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான சத்தத்தை இது அருமையாக விழுங்கும். பக்கத்தில் பேசுகிறவரின் குரலை அந்த அளவுக்கு விழுங்காது. அதைத் தடுப்பது பெரும்பாலும் மெத்தையின் அடைப்புதான். அமைதியான அறையில் வேலை செய்பவர் இதற்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

இதோடு பலர் குழப்பிக்கொள்வது மைக்கின் இரைச்சல் நீக்கம். முதலாவது உங்கள் காதுக்கு, இரண்டாவது எதிர்முனையில் இருப்பவரின் காதுக்கு. ஒன்று சிறப்பாக இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பேசுவது முக்கியம் என்றால் வாய் வரை நீளும் தண்டு மைக்குள்ள மாடல்தான் எப்போதும் ஜெயிக்கும். காதை அடைத்துக்கொண்டு பேசும்போது நம் குரல் நமக்கே கேட்காமல் சத்தமாகப் பேசிவிடுவோம். உங்கள் குரலைக் கொஞ்சம் காதுக்குத் திருப்பித் தரும் 'சைடுடோன்' வசதி இருந்தால் வீட்டில் இருப்பவர்கள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

இரைச்சல் குறைந்தால் ஒலியளவையும் குறைத்து வைக்கலாம், காதுக்கு அது நல்லது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. 90 டெசிபல் ஆனால் அது வாரத்துக்கு 4 மணியாகச் சுருங்குகிறது.

படி 8: லேப்டாப்புக்கென்றே கேட்க வேண்டிய சின்னக் கேள்விகள்

மல்டிபாயிண்ட் உண்டா? லேப்டாப்பிலும் போனிலும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும் வசதி இது. பாட்டு லேப்டாப்பில் ஓடும்போது போன் வந்தால் தானாக மாறும். ஒருமுறை பழகினால் இல்லாமல் இருக்க முடியாது. அதற்கும் ஒரு தொந்தரவு உண்டு: லேப்டாப்பில் ஏதோ ஒரு வலைப்பக்கம் சத்தமில்லாத வீடியோவை ஓட்டிக்கொண்டிருந்தால், ஹெட்போன் அதையே பிடித்துக்கொண்டு போன் பாட்டை விடாது.

அப்டேட் எப்படி வரும்? நிறைய ஹெட்போன்களில் ஈக்வலைசரும் ஃபர்ம்வேர் (ஹெட்போனுக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிப்பும் போன் ஆப்பில் மட்டும்தான். லேப்டாப் ஆப் இருந்தால் நல்லது, குறைந்தபட்சம் அமைப்புகள் ஹெட்போனிலேயே பதிந்து நிற்கின்றனவா என்று பாருங்கள்.

வயரில் வேலை செய்யுமா? 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தால் பேட்டரி தீர்ந்தாலும் கேட்கலாம், சிலவற்றில். வேறு சில, வயர் போட்டாலும் பவர் இருந்தால்தான் பாடும். வயரில் மைக் வேலை செய்வது பல மாடல்களில் கிடையாது. யு.எஸ்.பி-சி வயரிலேயே ஒலியும் போகும் மாடல் கிடைத்தால் அதுதான் அதிர்ஷ்டம். சார்ஜும் ஏறும், தாமதமும் இருக்காது. பெட்டியில் யு.எஸ்.பி-சி என்று இருந்தாலே ஒலி போகும் என்று அர்த்தமில்லை, பலவற்றில் அது சார்ஜுக்கு மட்டும்.

சார்ஜ் ஏறும்போது பயன்படுத்த முடியுமா? சில மாடல்கள் வயரைச் செருகியதும் அணைந்துவிடும். 30 மணி நேர பேட்டரி என்பதையெல்லாம்விட, மதியம் மீட்டிங்குக்கு நடுவில் அணையுமா அணையாதா என்பது முக்கியமான கேள்வி.

படி 9: திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள்

பெட்டியைக் கிழிக்காமல் பத்திரமாகத் திறங்கள். உங்கள் சொந்த லேப்டாப்பில், நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் சோதியுங்கள். முதலில் 2ஆம் படியின் பாட்டு–பதிவுச் சோதனை. அடுத்து உங்கள் குரலை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள்: பாதி அமைதியில், பாதி விசிறி ஓடும்போது. அதைக் கேட்காமல் இன்னொருவருக்கு அனுப்பி, புரிகிறதா என்று கேளுங்கள். நம் குரல் நமக்கே எப்போதும் விசித்திரமாகத்தான் இருக்கும், அதனால் நம் தீர்ப்பு உதவாது.

கைதட்டும் காட்சி உள்ள ஒரு வீடியோவை, நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் ஆப்பிலும் பிரவுசரிலும் ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் சரியாக இருந்து மற்றொன்றில் பிந்தினால் அது ஆப்பின் கோளாறு, ஹெட்போனைக் குறை சொல்ல வேண்டாம். பாட்டு ஓடும்போதே எழுந்து தண்ணீர் குடிக்கப் போங்கள். ஒரு சுவர் தாண்டியதும் விக்குகிறதா, தலையைத் திருப்பினாலே விக்குகிறதா? இரண்டாவது என்றால் திருப்பிக் கொடுப்பதற்கு முன் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, லேப்டாப்பை மூடி ஸ்லீப்பில் போட்டு, சற்று நேரம் கழித்துத் திறங்கள். ஹெட்போன் தானாக வந்து ஒட்டிக்கொண்டால் சரி. ஒவ்வொரு முறையும் இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தால் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புளூடூத் டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லையென்றால், ஒலி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.